நைனா என்றொரு தோட்டக்காரர்

இந்த மாதிரிக் கட்டுரையை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும். எனக்கு வயது இருபத்தேழு. நாளை மறுநாள் இந்தப் பதிவறை வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன். என் நாற்காலிக்கு வரப்போகும் இரண்டு பேரும் நேற்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனீர்கள். கட்டுகளைப் பார்த்து உங்கள் கண் விரிந்ததைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் அவசரமாக.

எந்தக் கட்டு எந்த அலமாரியில், நகலுக்கு எந்தப் படிவம் என்பதையெல்லாம் அட்டெண்டர் கொண்டய்யா சொல்லித் தருவார். அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்றைத்தான் நான் சொல்ல முடியும். இல்லாத ஒரு மனிதரைக் கண்டுபிடித்து, அவருக்கு இரண்டு பிள்ளைகளையும் பெற்றுக்கொடுத்து, ஒரு கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியது எப்படி என்பதுதான் அது.

நான் திருநெல்வேலிக்காரன். ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லை எது என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டி, கடைசியில் சித்தூர் ஜில்லாவின் சில ஊர்கள் மதராஸ் பக்கம் போவதென்று முடிவானபோது, இங்கிருந்த பழைய தமிழ் ஆவணங்களைப் படித்துப் பிரித்து வைக்க ஆள் தேவைப்பட்டது. பழைய கையெழுத்து எதுவானாலும் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து வாசிக்கிற பைத்தியம் எனக்கு. தற்காலிக வேலை என்றார்கள். தாவி வந்தேன்.

அந்த நாட்களில் பதிவறை வாசலில் திருவிழாக் கூட்டம். தங்கள் ஊர் தமிழ் ஊர் என்று ஒரு கூட்டம் நகல் கேட்கும். அதே ஊர் தெலுங்கு ஊர் என்று இன்னொரு கூட்டம், அதே பக்கத்தின் நகலைக் கேட்கும். ஒருவர் தன் கிணறு தமிழ்க் கிணறு என்று எழுதித் தரச் சொன்னார். வெட்டியவர் தமிழர் என்பது அவர் வாதம். "தண்ணி ஏ பாஷ பேசுது?" என்று கொண்டய்யா கேட்டார். அவர் அதைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தாரா, தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் கதை.

ஒரு திங்கட்கிழமை பாலசமுத்திரத்திலிருந்து முனுசாமி என்றொருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். விவசாயி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார்.

"சார், எங்க ஊட்டுக்குத் தொட்டிக்காரர் ஊடுன்னு பேரு. நகரியிலயும் ஒரு தொட்டிக்காரர் ஊடு கீது. ரெண்டு பேரு வம்சமும் இன்னான்னு பாக்கணும். காகிதம் எதுனா கீதா?"

தொட்டி என்றதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போன நூற்றாண்டில் இந்தப் பக்கமெல்லாம் அவுரித் தோட்டங்கள். செடியை வெட்டி, பெரிய தொட்டிகளில் ஊறவைத்து, கலக்கி, நீலச் சாயம் எடுத்துக் கட்டியாக்கிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். சீமையில் ரசாயன நீலம் வந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. தொட்டி வைத்திருந்த குடும்பங்களில் சில நிலத்தோடு நின்றன. சில நகரிக்குப் போய் நூலுக்குச் சாயம் போடத் தொடங்கின. அந்தத் தோட்டங்களுக்கென்றே ஒரு பதிவேடு எங்கள் அறையில் இருந்தது. அதை வாசிக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று நான் அலைந்துகொண்டிருந்தேன்.

"நாளைக்கு வாங்க, வம்சத்தையே எடுத்துக் கையில தாரேன்," என்றேன்.

கவனியுங்கள். அவர் கேட்டது காகிதம். நான் தருவதாகச் சொன்னது வம்சம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. எல்லாரையும்போல எல்லை மனுவுக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டேன். பதிவேட்டில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பக்கம். ஊர், தோட்டக்காரர் பெயர், தொட்டிகள் எத்தனை, ஆதியில் தோட்டம் வைத்தவர் யார், கீழே கையெழுத்து. பாலசமுத்திரத்துப் பக்கத்தில் தோட்டக்காரர் பெருமாளு. ஆதியில் வைத்தவர், நைனா. நகரிப் பக்கத்தில் தோட்டக்காரர் அருணாசலம். ஆதியில் வைத்தவர், நயினா.

எழுத்து மட்டும்தான் கொஞ்சம் மாறியிருந்தது. ஆள் ஒருவர்தானே. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏனென்றால் என் சொந்தத் தாய்மாமா பெயரே நயினார். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு நயினார் உண்டு. இங்கேயும் டீக்கடைக்காரர் என்னை "இன்னா நைனா, டீயா காப்பியா" என்றுதான் கேட்பார். எங்கள் பக்கத்து அண்ணாச்சி மாதிரி, ஏதோ ஒரு பழைய பெரிய மனிதரின் பெயர் எல்லாரையும் கூப்பிடுகிற பெயராகிவிட்டது என்று அதற்கும் நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஒருவேளை இந்தத் தோட்டக்கார நைனாவேதான் அந்தப் பெரிய மனிதரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு உற்சாகம்.

கெட்டி அட்டை எடுத்தேன். நீல மையில் ஒரு மரம் வரைந்தேன். அவுரிச் சாயம் என்பதால் நீலம், அதிலும் ஒரு நயம் பாருங்கள். அடியில் நைனா. அவருக்கு இரண்டு கிளை, பெருமாளு, அருணாசலம். இலைகளும் பூவும் போட்டேன். மறுநாள் முனுசாமி வந்ததும் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"ஐயா, பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேந்துட்டு. நீங்களும் நகரிக்காரங்களும் ஒரே ஆள் வழி. அண்ணன் தம்பி மக்கள்."

நான் எதிர்பார்த்தது ஒரு பூந்திப் பொட்டலம். முனுசாமி அந்த அட்டையைப் பிடித்தபடி அப்படியே பக்கத்தில் கிடந்த ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப பங்காளியா?"

"ஆமா. சுத்தமான பங்காளி."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி மொறையா?"

"யாரு ரெண்டு பேரு?"

"எம் பொண்ணும் மாப்பிள்ளையும் சார். நாளான்னிக்கு காலையில திருப்பதியில கல்யாணம்."

நிச்சயம் எப்போதோ ஆகியிருந்தது. போன வாரம் கல்யாண ஏற்பாடு பேசும்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா ஏகாம்பரம் பேச்சுவாக்கில் பெண் வீட்டின் பழைய பெயரைக் கேட்டிருக்கிறார். தொட்டிக்காரர் வீடு என்றதும் அவருக்கு உறுத்தியது. "எங்களுதும் அதே பேரு. பங்காளி ஆயிட்டா பாவம் வந்து சேருமே" என்றிருக்கிறார். இல்லை என்று ஒரு காகிதம் கொண்டுபோய்க் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று முனுசாமி வந்தார். அவர் கையில்தான் நான் பூப்போட்ட மரத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

அதை அவர் வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் நேராக நகரிக்கு பஸ் ஏறி, ஏகாம்பரத்திடமே காட்டினார். அப்படிப்பட்ட மனிதர். ஏகாம்பரமும் சத்தம் போடவில்லை. "நாங்க எப்படியும் மொட்ட போட திருப்பதிக்குப் போறோம். நாளைக்குப் பொழுது சாயறவரிக்கும் சத்திரத்துல இருப்போம். வேற காகிதம் வந்தா தாலி. வரலன்னா சாமி கும்பிட்டுட்டு ஊட்டுக்குத் திரும்பிடறோம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை. அலுவலக வளாகத்தில் மதராஸ் லாரி நின்றது. மதராஸ் பக்கம் போகும் ஊர்களின் கட்டுகள் அன்றைக்குத்தான் ஏறின. நான் பட்டியலைச் சரிபார்த்தபடி நின்றேன். என் மரம் ஒரு கல்யாணத்தைச் சாய்த்துவிட்டதே என்ற வருத்தம் இருந்தது. மரம் தப்பு என்ற எண்ணம் மட்டும் வரவே இல்லை. உண்மை கசக்கத்தானே செய்யும் என்று பெரிய ஞானிபோல முந்தின நாள் கொண்டய்யாவிடம் சொல்லவும் செய்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது முனுசாமி வந்தார். கூட ஒரு பெண். கையில் என் அட்டை, நாலாக மடித்தபடி.

"இத்த வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"நல்லா கீது. பூவெல்லாம் போட்டுக்கீறீங்க." அவள் அட்டையை விரித்துக் காட்டினாள். "இதுல என் கல்யாணம் எங்க கீது, கொஞ்சம் காட்டுங்க."

அலமேலு. மணப்பெண். டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். முனுசாமிக்கு வெயில் தாங்காமல் லேசாகத் தள்ளாட்டம். அவள் சட்டென்று திரும்பி, "நைனா, நீ அந்த நெழல்ல உக்காரு. நான் கேட்டுக்கினு வரேன்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"உங்க பேரு முனுசாமின்னுல்லா மனுவில எழுதியிருந்திய?"

"ஆமா சார். முனுசாமிதான்."

"இவங்க நைனான்னு கூப்பிடுதாங்களே."

அலமேலு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்தவர நைனான்னு கூப்பிடாம கலெக்டர்னா கூப்பிடுவாங்க?"

இளைஞர்களே, தலையில் இடி விழுவது என்பார்களே, அது தப்பு. இடி மேலேயிருந்து விழும். இது காலிலிருந்து ஏறியது. எண்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு குமாஸ்தா பதிவேட்டை விரித்து உட்கார்ந்து, "ஆதியில தோட்டம் வச்சது யாரு?" என்று கேட்டிருக்கிறார். பெருமாளு, "நைனா" என்றிருக்கிறார். அப்பா என்று. குமாஸ்தா அதைப் பெயராக எழுதிக்கொண்டார். அடுத்த ஊரிலும் "யாரு வச்சது?" என்று கேட்டார். அங்கேயும், "நைனா." இந்த முறை அவர் எழுத்துப் பிழையைத் திருத்தி அழகாக "நயினா" என்று எழுதினார். அவர் எங்கள் ஊர்க்காரர். சத்தியமாக எங்கள் ஊர்க்காரர். வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

"புத்தகம் எங்க?" என்றேன் கொண்டய்யாவிடம்.

அவர் லாரியைக் காட்டினார்.

அந்தப் பதிவேட்டுக்கு மூன்று வாரம் சண்டை நடந்திருந்தது. இரண்டு பக்கத்து ஊர்களும் அதில் கலந்து கிடந்தன. நடுவில் வெட்டிவிடலாமா என்றுகூட யாரோ கேட்டார்கள். கடைசியில் மதராஸுக்கு என்று முடிவாகி, கட்டுக் கட்டி, அரக்கு வைத்து, பட்டியலில் கையெழுத்தும் ஆகிவிட்டது. மதராஸ் தரப்பு அதிகாரி லாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கொண்டய்யா என் காதில் சொன்னார். "பாபு, பக்கம் கொறையுதுன்னு ஒக்க மாட்ட செப்பு. அவங்களே பயந்து தெறந்துடுவாங்க."

ஒரே ஒரு வார்த்தை. வேலை முடிந்துவிடும். எனக்கும் ஒரு சேதமும் இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் இன்னொன்று தோன்றியது. இந்தப் புத்தகத்தில் கோளாறு என்று சொல்லித் திறந்தால், கோளாறான புத்தகத்திலிருந்து எடுத்த நகலை ஏகாம்பரம் எதற்கு நம்ப வேண்டும்? புத்தகம் நல்ல புத்தகம். கோளாறு என்னிடம். அதைப் புத்தகத்தின் தலையில் கட்டினால் கல்யாணமும் போகும், புத்தகமும் போகும். நம் வேலையில் நீங்கள் எந்தப் பொய் சொன்னாலும் அது கடைசியில் ஏதாவது ஒரு காகிதத்தின் மேல்தான் போய் உட்காரும். காகிதத்துக்கு எழுந்து நின்று மறுக்கத் தெரியாது.

அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மரம், பூ, நைனா, எல்லாம்.

"யார் கேட்டாங்க உங்க அபிப்பிராயத்தை? நகல் கேட்டா நகல் கொடுக்கணும்."

"தப்புதான் சார்."

"லிஸ்ட்ல கையெழுத்து ஆயிடுச்சு. கட்டு இப்ப மெட்ராஸ் பொறுப்பு. எந்தக் காரணத்துக்காகத் திறக்கறேன்னு நான் எழுதணும்."

அதற்குள் எங்கள் சூப்பரின்டெண்ட் வந்துவிட்டார். அவருக்கு மதராஸ் என்ற சொல்லே ஆகாது. "கேட் தாட்டேவரகு அது மாதே. கேட் தாண்டற வரைக்கும் எங்களுது. திறக்கறதுன்னா நாங்கதான் திறக்கணும்" என்றார்.

"அப்ப திறங்க."

"நீங்க சொல்லி நாங்க ஏன் திறக்கணும்?"

மறுபடியும் எல்லைச் சண்டை. நான் குறுக்கே போய், "சார், காரணத்தை நான் எழுதித் தாரேன். என் தப்புன்னே எழுதித் தாரேன். ரெண்டு பேரும் வச்சுக்கிடுங்க" என்றேன். லாரியின் படியில் காகிதத்தை வைத்து எழுதினேன். கேட்காத விளக்கத்தை நானாகக் கொடுத்தேன், ஒரு பொதுச்சொல்லைப் பெயராகப் படித்தேன், பதிவேட்டில் குறையில்லை, குறை படித்தவனிடம். அவர்களுக்கு இரண்டு பிரதி, எனக்கென்று ஒன்று. தற்காலிக ஊழியன் அப்படி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பயமா என்றால், இல்லை. உண்மையில் எனக்கு அந்தப் புத்தகத்தை மறுபடி பார்க்கப்போகிறோம் என்ற பரபரப்புதான். நான் அப்படிப்பட்ட ஜன்மம்.

மதராஸ் அதிகாரி படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம்."

கொண்டய்யா அரக்கை உடைத்தார். முதலில் பக்கங்களைப் புரட்டினேன். பாலசமுத்திரம், நைனா. நகரி, நயினா. வெதுருகுப்பம், நயினா. அதற்கடுத்த ஊரில் தோட்டக்காரர் ஒரு முஸ்லிம் சாயபு. அவர் தோட்டத்தை வைத்தவரும் நயினா. அதற்கடுத்தது கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த ஒரு குடும்பம், தோட்டக்காரர் பெயர் ஆரோக்கியம். வைத்தவர் நயினா. ஜாதி மதம் பார்க்காமல் ஜில்லா முழுக்கத் தொட்டி கட்டியிருந்தார் அந்த மகானுபாவர். ஒரு விதவையின் பக்கத்தில், ஆதியில் தோட்டம் வைத்தவர் "மாமா" என்று இருந்தது. மாமனாரைச் சொல்லியிருக்கிறாள். அதையும் என் ஊர்க்காரர் விடாமல் எழுதிவைத்திருந்தார்.

சூப்பரின்டெண்ட் சிரித்தார். மதராஸ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மூன்று வாரத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. நான் வெற்றி வெற்றி என்று குதிக்காத குறை.

அலமேலு மட்டும் சிரிக்கவில்லை.

"சரி சார். நைனான்றது பேரு இல்ல. ஒத்துக்கினேன். ஆனா அந்த ரெண்டு நைனாவும் வேற வேற ஆளுன்னு எப்படித் தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒரே நைனாவா இருந்தா?"

சிரிப்பு நின்றது. அவள் கேட்டது சரி. நான் என் தப்பைத்தான் நிரூபித்திருந்தேன். அவள் கல்யாணத்தை இல்லை. இரண்டும் ஒன்று என்று மயங்குவது நம் தொழிலில் மிக எளிது. பொய் உடைந்த சத்தம் உண்மை பிறந்த சத்தம் மாதிரியே கேட்கும்.

"கீழ இன்னாவோ தெலுங்குல எழுதிகீதே, அது இன்னா?" என்று அவள் விரல் வைத்தாள்.

கையெழுத்து. இந்தத் தோட்டக்காரர்கள் கணக்கு வழக்கெல்லாம் தெலுங்கில் வைத்திருந்தவர்கள். குமாஸ்தா தமிழில் எழுத, இவர்கள் கீழே தெலுங்கில் தங்கள் கையால் போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது தெலுங்கு எழுத்து எழுத்துக்கூட்டத்தான் வரும். கையெழுத்துதானே என்று நான் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. அலமேலு தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். குனிந்து மளமளவென்று வாசித்தாள்.

"சஞ்சீவி குமாருடு பெருமாளு." நகரிப் பக்கத்தைத் திருப்பினாள். "தொப்பையன் குமாருடு அருணாசலம்."

சஞ்சீவி மகன் ஒருவர். தொப்பையன் மகன் இன்னொருவர். குமாஸ்தா கேட்டு எழுதாத பெயர்களை அவர்களே எழுதிவைத்துப் போயிருந்தார்கள்.

"இன்னொரு வரி கீது. பெருமாளு கையெழுத்துக்குப் பக்கத்துல. சாட்சி." இந்த வரியில் மை பரவியிருந்தது. அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "பா... வ... ம... ரி..."

"பாவம், மரிச்சிட்டாரா?" என்றேன் பதறி.

கொண்டய்யா கையிலிருந்த அரக்கை அப்படியே கீழே போட்டுவிட்டார். "அய்யோ ராமா. யாரும் மரிக்கல பாபு. பாவமரிதி. பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். உங்க பாஷையில மச்சான்."

சாட்சி, பாவமரிதி, அருணாசலம். நகரிப் பக்கத்தில் போட்டிருந்த அதே கையெழுத்து.

நகரி அருணாசலத்தின் தங்கையோ அக்காவோதான் பாலசமுத்திரத்துப் பெருமாளுக்கு மனைவி. பங்காளியா? அந்த இரண்டு வீடும் எண்பது வருடத்துக்கு முன்பே பெண் கொடுத்து எடுத்த வீடு. முறை தப்பாத முறை. அலமேலு முதல்முறையாகச் சிரித்தாள். அட்டையை என்னிடம் நீட்டி, "பூ நல்லாதான் கீது. பேர மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள்.

நகல் எழுதினேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை, விளக்கம் ஒன்றும் இல்லை. முத்திரை யார் போடுவது என்று மறுபடி ஒரு பேச்சு வந்தது. கேட் தாண்டவில்லை, ஆகவே எங்களுடையது. பட்டியல் முடிந்தது, ஆகவே அவர்களுடையது. இருவருமே போட்டார்கள். இரண்டு மாநிலமும் ஒத்துக்கொண்ட ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

திருப்பதி பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். "நீங்க வந்து உங்க வாயால சொல்லணும் சார். இல்லன்னா இதுவும் பூப்போட்ட காகிதம்னு சொல்லிடுவாங்க" என்றார் முனுசாமி. சந்திரகிரியில் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் டீ குடிக்கப் போனார். பொழுது கோட்டை மதிலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அலமேலு ஜன்னல் வழியே, "அண்ணா, துன்னது போதும், ஏறு. எனக்குக் கல்யாணம்" என்று சத்தமாகச் சொன்னாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் வடையை வாயில் கவ்வியபடி ஏறினார்.

சத்திரத்தில் நகரிக்காரர்கள் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். ஏகாம்பரம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தேசப்பன் தூணோரம் நின்று, பெண்ணைப் பார்ப்பதா என் கையிலிருந்த காகிதத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழித்தான்.

"நேத்து ஒரு காகிதம். இன்னிக்கு ஒரு காகிதம். நாளைக்கு வேற ஒண்ணு வருமா சார்?" என்றார் ஏகாம்பரம்.

முதலில் நகலை நீட்டவில்லை. லாரிப் படியில் எழுதினேனே, அதில் என்ன எழுதினேனோ அதை அப்படியே ஒப்பித்தேன். என் தப்பு எது என்று அவருக்கு விளங்காத வரை, எது சரி என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"நைனான்னா அப்பன்னு தெரியாதா? பி.ஏ. படிச்சவருன்றாங்க."

"எங்க ஊர்ல அது ஆள் பேருங்க. எங்க தாய்மாமா பேரே நயினார்."

"உங்க மாமனுக்கு அப்பான்னு பேரு வெச்சிகீறாங்களா? அப்ப உங்க அப்பாவுக்கு இன்னா பேரு, மாமாவா?"

சத்திரமே சிரித்தது. தேசப்பன்தான் அதிகம் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நகலைக் கொடுத்தேன். ஏகாம்பரம் இரண்டு முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்தார். தெலுங்கு வரியைத் தானே வாசித்தார். பாவமரிதி என்ற இடத்தில் நின்றார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து, வாசலிலேயே நின்றுகொண்டிருந்த முனுசாமியிடம் போய், கையைப் பிடித்தார்.

"இன்னா மச்சான், நின்னுக்கினே கீறீங்க. துன்னீங்களா?"

அவ்வளவுதான். மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. மதராஸ் அதிகாரி தன் பிரதியின் ஓரத்தில் ஏதோ நல்லதாக எழுதினார் என்று கொண்டய்யா சொல்கிறார். அந்தப் பிரதி இப்போது மதராஸ் கட்டுகளோடு இருக்கிறது. நான் பார்த்ததில்லை. என் பிரதி என் மேசை இழுப்பறையில் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழிக்காதீர்கள். யாராவது வந்து நகல் கேட்கும்போது எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய காகிதத்தில் இருப்பதைக் கண்ணால் வாசித்த பிறகு, அதைச் சொன்னவரின் வாயில் வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த வாய் எந்த ஊர் வாய் என்பதையும் பாருங்கள். பக்கத்தின் மூலையில் உங்களுக்குத் தெரியாத எழுத்து இருந்தால், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் மணப்பெண்ணாக இருந்தாலும் சரி.

கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டேனே. காலையில் தாலி ஏறியது. அப்புறம் சத்திரத்துக் கல்யாணப் புத்தகத்தில் பதிய எல்லாரும் எழுத்தர் முன்னால் போய் நின்றோம். எழுத்தர் புது ஆள், பேச்சைக் கேட்டால் தெற்கத்தி வாடை. நான் அப்போதே மேசையை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

"பொண்ணோட தகப்பனார் பேரு?"

அலமேலு தலையைக் குனிந்தபடி, மணப்பெண்ணுக்குரிய அடக்கத்தோடு, ஓரக்கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நைனா."

எழுத்தர் எழுதத் தொடங்கிவிட்டார். நான் மேசையைத் தாண்டி அவர் கையைப் பிடிப்பதற்குள் "நை" வரை போயாகிவிட்டது. புத்தகத்தில் அடிக்கக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்து, அந்த "நை"யை அப்படியே விட்டு, பக்கத்தில் முனுசாமி என்று எழுதினார்.

அது இன்னும் அங்கேதான் இருக்கும். எண்பது வருடம் கழித்து உங்களைப்போல ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, நை.முனுசாமி என்று ஒரு புதுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, நீல மை தேடி ஓடுவார். அவரைப் பிடித்து உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டச் சொல்லி உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.